வீட்டில் தக்காளி நாற்று: விதையிலிருந்து வெயில் வரை

விதை போட்ட ஆறாம் நாள் தலை நீட்டும் தக்காளி முளை, பத்தாம் நாள் தண்டு மெலிந்து சாய்ந்துவிடுகிறது. பிழைத்ததை வெயிலில் வைத்தால் ஒரே மதியத்தில் இலை வெளுத்துப் போகிறது. “நமக்குக் கைராசி இல்லை” என்று தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடும் குடும்பங்கள் தோட்டத்திலும் உண்டு, தாமானிலும் உண்டு. ஆனால் பெரும்பாலான நாற்றுகள் சாவதற்குக் காரணம் மூன்றுதான்: ஒளிக் குறைவு, தண்ணீர் மிகுதி, அவசரம்.

குளிர் நாடுகளில் பனிக்குப் பயந்து நாற்றை வீட்டுக்குள் வளர்க்கிறார்கள். நம் நாட்டில் கூரை தேவைப்படுவது மழைக்கும் உச்சி வெயிலுக்கும்தான். பலத்த மழை ஒன்று போதும், முளைகள் மண்ணோடு புரண்டுவிடும்.

எந்த விதை?

நம் நாட்டில் தக்காளி அதிகம் விளையும் இடம் கேமரன் மலை. அங்குள்ள குளிர்ச்சிக்கு ஏற்ற ரகங்களைக் கிள்ளானிலோ சுங்கைப்பட்டாணியிலோ நட்டால் செடி செழிக்கும். காய் பிடிப்பது அரிது. பகலில் 32 பாகை செல்சியசுக்கு மேலும், இரவில் 24 பாகைக்குக் குறையாமலும் வெப்பம் நீடித்தால் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். ஆகவே விதைப் பொட்டலத்தில் ‘தாழ்நிலத்துக்கு ஏற்றது’ அல்லது ‘வெப்பம் தாங்கும்’ என்ற குறிப்பைப் பார்த்து வாங்க வேண்டும். முதன்முறை நடுபவர்களுக்குச் சிறு பழ ரகமான செர்ரி தக்காளி எளிது.

சமையலுக்கு வாங்கிய பழத்தின் விதையும் முளைக்கும். ஆனால் அது கலப்பின ரகமாக இருந்தால், பிள்ளைச்செடி தாய்ச்செடியைப் போல இருக்காது.

விதைப்பு

தோட்டத்து மண்ணை அள்ளிப் போடக் கூடாது. அதில் நாற்றழுகலை உண்டாக்கும் கிருமிகள் இருக்கலாம். தேங்காய் நார்த்தூளுடன் நன்கு மக்கிய உரத்தைக் கலந்தால் போதும். அடியில் துளையிட்ட தயிர்க் குவளை, வெட்டிய தண்ணீர்ப் போத்தல் எதுவும் உதவும். முன்பு பயன்படுத்திய குவளையைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும்.

விதையை அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை ஆழத்தில் இட வேண்டும். நம் தட்பவெப்பத்தில் 5 முதல் 10 நாளில் முளைக்கும். அதுவரை ஈரம் காயக் கூடாது. முளைத்த பின் மேல் மண் சற்று உலர்ந்த பிறகே தண்ணீர். குவளையைத் தட்டு நீரில் சில நிமிடம் வைத்து, அடியிலிருந்து ஈரம் ஏறியதும் எடுத்துவிடுவது நல்லது. மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் தண்டின் அடிப்பகுதி அழுகி நாற்று சாயும். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. அதை எடுத்தெறிந்து, மற்றவற்றுக்குத் தண்ணீரைக் குறைத்துக் காற்றோட்டம் தர வேண்டும்.

முளை தெரிந்த அன்றே வெளிச்சம் தேவை. வீட்டின் உள்மூலையில் வைத்த நாற்று ஒளியைத் தேடி நூலாக நீளும். அஞ்சடியின் ஓரம், கிழக்குப் பார்த்த சன்னல், பால்கனியின் காலை வெயில் ஆகியவை சிறந்தவை. வெளிச்சமில்லாத அடுக்குமாடி வீட்டில், வெள்ளை எல்இடி விளக்கை நாற்றுக்கு மேல் 5 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 14 மணி நேரம் எரியவிடலாம்.

முதலில் வருபவை இரண்டு வித்திலைகள். அதன் பிறகு ஓரம் வெட்டுப்பட்ட உண்மையான இலைகள் இரண்டு விரிந்ததும், குவளைக்கு ஒன்றாகப் பிரித்து நட வேண்டும். தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்க வேண்டும். தண்டு நசுங்கினால் நாற்று போயிற்று. சிகரெட் பிடிப்பவர்கள் கை கழுவிவிட்டுத் தொடுவது நல்லது. புகையிலையிலிருந்து தேமல் நோய்க் கிருமி தொற்றலாம்.

வெயிலுக்குப் பழக்குதல்

செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை செய்தவர்களுக்கு இது தெரிந்த பாடம். இளங்கன்றுகளை முதலில் நிழலில் வைத்து, நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்த பிறகே திறந்தவெளிக்கு மாற்றுவார்கள். தக்காளிக்கும் அதுவே முறை. நிழலில் வளர்ந்த இலையின் தோல் மெல்லியது. வெயிலையும் காற்றையும் சிறிது சிறிதாகச் சந்தித்தால்தான் தோல் தடித்து, தண்டு உறுதிப்படும்.

விதைத்த நான்காவது வாரத்தில், நாற்றில் நான்கைந்து உண்மையான இலைகள் வந்ததும் தொடங்கலாம்:

1, 2ஆம் நாள்: காலை 8 மணி முதல் ஒரு மணி நேரம்.
3, 4ஆம் நாள்: காலையில் இரண்டு மணி நேரம்.
5, 6ஆம் நாள்: காலை 11 மணி வரை.
7, 8ஆம் நாள்: மதியம் 1 மணி வரை.
9, 10ஆம் நாள்: முழு நாள், இரவிலும் வெளியே.

இந்த நாள்களில் உரம் வேண்டாம். தண்ணீரைச் சற்றுக் குறைக்கலாம். வாட விடக் கூடாது. பலத்த மழை வந்தால் உள்ளே எடுத்துவிட வேண்டும். இலையில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் இரண்டு நாள் பின்வாங்கி மீண்டும் தொடங்கலாம்.

நடும் நாள்

மாலை நேரமே நல்லது. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதி மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடலாம். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும். தொட்டி குறைந்தது 30 சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் இருக்க வேண்டும். ஊன்றுகோலை அன்றே நட்டுவிட்டால் பின்னர் வேர் அறுபடாது.

முன்பு கத்தரியோ மிளகாயோ பச்சையாக இருக்கும்போதே திடீரென வாடிச் செத்த நிலமானால், அங்கே தக்காளி வேண்டாம். வாடிய தண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளை நீரில் தொங்கவிட்டால், பால்போல ஒரு கசிவு இறங்கும். அது பாக்டீரியா வாடல் நோய்; ஆண்டுக்கணக்கில் மண்ணில் தங்கும். அத்தகைய வீடுகளில் புதுக் கலவை நிரப்பிய தொட்டியே வழி.

மேற்குக் கரை மாநிலங்களில் ஜனவரி, பிப்ரவரி, ஜூன், ஜூலை மாதங்களில் மழை ஓரளவு குறைவு. நாற்று வெளியே போக ஐந்து, ஆறு வாரம் ஆகும் என்பதால், டிசம்பர் நடுவிலோ மே தொடக்கத்திலோ விதைக்கலாம். ஒரே நாளில் எல்லா விதையையும் போடாமல், பாதியை இரண்டு வாரம் கழித்துப் போட்டால், முதல் தொகுதி தவறினாலும் இரண்டாவது கைகொடுக்கும்.