நான்கு மாதப் பயிற்சியில் பிறந்த பதவி

காதுவலி என்று வரும் குழந்தையைச் சோதித்து, இன்ன நோய் என்று சொல்லி, மருந்துச் சீட்டும் எழுதித் தரும் நர்ஸை இன்று அமெரிக்காவில் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். அவருக்கு ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ என்று பெயர். இந்தப் பதவி பிறந்த இடம் டென்வரில் உள்ள கொலராடோ பல்கலைக்கழகம்; ஆண்டு 1965.

பதவிக்கு முன்பே வேலை இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ராணுவ நர்ஸாக இருந்த லொரெட்டா ஃபோர்டு, போர் முடிந்ததும் கொலராடோவில் பொதுச் சுகாதார நர்ஸானார். டாக்டர் எளிதில் கிடைக்காத கிராமப்புறங்களில் பள்ளிக்கூடத்திலும் தேவாலயத்திலும் தற்காலிக கிளினிக் நடத்திக் குழந்தைகளைப் பார்த்தார். என்ன கோளாறு என்று அனுபவம் சொல்லிவிடும். ஆனால் அதை நோய் என்று பெயரிட்டு எழுத நர்ஸுக்கு உரிமை கிடையாது.

1965க்குச் சில ஆண்டுகள் முன்பே, வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட், நர்ஸ் தெல்மா இங்கிள்ஸுடன் சேர்ந்து நர்ஸ்களுக்கு மேல்பயிற்சி தர முயன்றார். நர்சிங் கல்விக்கு அங்கீகாரம் தரும் அமைப்பே அதை ஏற்க மறுத்தது. வெறுத்துப்போன ஸ்டெட், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்தவர்களை 1965இல் பயிற்றுவிக்கத் தொடங்கினார். ‘பிசிஷியன் அசிஸ்டன்ட்’ என்ற வேறொரு பதவி அப்படித்தான் பிறந்தது.

அதே ஆண்டில் ஃபோர்டு, குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வருடன் கைகோத்தார். ஏற்கெனவே தேர்ந்த நர்ஸ்களுக்குப் பல்கலைக்கழகத்தில் நான்கு மாதத் தீவிரப் பயிற்சி. பிறகு ஊர்ப்புறக் கிளினிக்குகளில் களப்பணி. நோயின் முன்கதையை முறையாகக் கேட்பது, ஸ்டெதாஸ்கோப் வைத்து நெஞ்சைச் சோதிப்பது, விளக்குக் கருவியால் காதுக்குள் பார்ப்பது, குழந்தையின் வளர்ச்சியை மதிப்பிடுவது, எந்தக் குழந்தையை டாக்டரிடம் அனுப்பியே ஆகவேண்டும் என்று முடிவெடுப்பது — பாடம் இவ்வளவுதான்.

எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்தும் வந்தது. தங்கள் வேலையில் கை வைக்கிறார்கள் என்றனர் டாக்டர்கள் சிலர். நர்சிங்கை விட்டுவிட்டு அரைகுறை டாக்டராகப் பார்க்கிறார்கள் என்றனர் நர்சிங் அறிஞர்கள் சிலர். மார்த்தா ரோஜர்ஸ் போன்ற பெரிய பெயர்களும் அந்தப் பக்கம் நின்றன.

பதில் களத்திலிருந்து வந்தது. கனடாவின் பர்லிங்டன் நகரில் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரை டாக்டரிடமும் சிலரை நர்ஸ் பிராக்டிஷனரிடமும் அனுப்பிப் பார்த்தார்கள். இரு தரப்பாரின் உடல்நலத்திலும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை என்று 1974இல் முடிவு வெளியானது. அதற்கு முன்பே, 1971இல், நோயறியவும் மருத்துவம் பார்க்கவும் நர்ஸ் பிராக்டிஷனர்களுக்குச் சட்டப்படி உரிமை தந்த முதல் அமெரிக்க மாநிலமானது ஐடஹோ. இதையெல்லாம் கண்ட ஃபோர்டு, 2025 ஜனவரியில் தமது 104ஆம் வயதில் காலமானார்.

இந்தியாவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருக்கிறது. இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு அது. படிப்பு மட்டும் போதாது. படித்து வருபவருக்கு உரிய பதவியையும், தன் முடிவின் கீழ் கையெழுத்துப் போடும் உரிமையையும் அரசுகள் சேர்த்தே தரவேண்டும்.