மீசை வைத்த விமானம்

மயிலாப்பூர் குளக்கரையில் பருந்தைக் கண்டால் நின்றுவிடுவேன். உட்கார வரும்போது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சிறு இறகை விரல்போலத் தூக்கும். மெதுவாகப் பறந்தாலும் விழாமலிருக்க அந்த ஏற்பாடு.

என் பேரன் தெர்மாகோலில் செய்த ஜெட் மாடல், முக்கோண இறக்கை. இரண்டு முறையும் இறங்கும்போது மூக்கை உடைத்துக்கொண்டது. "விட்டுடறேன் தாத்தா" என்றான்.

அவனுக்கு ஒரு பிரெஞ்சுக் கதை சொன்னேன். 1970 வாக்கில் தஸ்ஸோ கம்பெனிக்கும் இதே தலைவலி. மிராஜுக்குப் பின்னால் கிடைமட்ட வால் கிடையாது. மெதுவாக இறங்க மூக்கை உயர்த்தவேண்டும். அதற்காக இறக்கையின் பின்மடலை மேலே மடக்கினால் விமானத்தைத் தாங்கும் விசை குறையும். ஆகவே மூக்கருகே இரண்டு சிறு இறக்கைகள் வைத்தார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் வெளியே நீளும். அதற்கு 'மீசை' என்றே பெயர். விமானத்தின் பெயர் மிலான். நான் பள்ளியில் படித்த பிரெஞ்சில் அது பருந்து!

மிலானை யாரும் வாங்கவில்லை. நம் கடற்படைக்கான தேஜஸுக்கும் இறக்கை தொடங்குமிடத்தில் அசையும் மடல்கள் உண்டு, மெதுவாக இறங்கத்தான். அது 2020 ஜனவரி 11 அன்று விக்ரமாதித்யா கப்பலில் இறங்கியது.

பேரன் மீசை ஒட்டி, மூக்கில் சிறிது ஈயமும் வைத்தான். போன ஞாயிறு மூக்கு தப்பியது.