வெளுத்த சருமத்துக்கும் எளிதில் புண்படும் சருமத்துக்கும் வெயில் பாதுகாப்பு: எதை, எப்படித் தேர்ந்தெடுப்பது?

சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஒரு தகப்பனார் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையனுக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே தோலிலும் முடியிலும் நிறமி இல்லை, அல்பினிசம். பள்ளியில் விளையாட்டு வகுப்பு காலை பதினொரு மணிக்கு. அன்றைய வெயிலில் மூக்கும் காதும் சிவந்து, தோல் உரிந்திருந்தது. "க்ரீம் போட்டுத்தான் ஹஜ்ரத் அனுப்புறோம்" என்று தாயார் சொல்லி அனுப்பியிருந்தார். அது எந்த க்ரீம் என்று கேட்டோம். சிவப்பழகு க்ரீம்! அட்டையில் ஓரமாக "எஸ்பிஎஃப் 15" என்று இருந்ததைப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள்.

அந்தத் தாயின் அக்கறையில் எந்தக் குறையும் இல்லை, தகவல்தான் இல்லை. இப்படிப்பட்ட குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் இன்னும் இருக்கலாம் என்பதால், தோல் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்பவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

யாருக்கு இது அவசியம்?

வெயிலிலுள்ள புறஊதாக் கதிரைத் தடுத்துக்கொள்ள நம் தோலில் மெலனின் என்ற நிறமி இருக்கிறது. அது குறைந்தவர்களுக்கு வெயில் சீக்கிரம் சுடும். 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் தோலை வெயிலுக்கு அது காட்டும் எதிர்வினையை வைத்து வகைப்படுத்தினார். இன்று அது ஆறு வகையாக வழங்குகிறது. முதல் வகையினர் வெயிலில் எப்போதும் சிவந்து புண்ணாவார்கள், கறுக்கவே மாட்டார்கள். ஆறாம் வகையினருக்குச் சிவப்பது மிக அரிது. நம்மில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து, ஆறாம் வகை. ஆனால் கீழ்க்கண்டவர்கள் தனிக் கவனம் எடுக்க வேண்டும்:

1. அல்பினிசம் உள்ளவர்கள். இவர்களுக்கு வெயில் அழகுப் பிரச்சினை அல்ல. பாதுகாப்பில்லாமல் வெயிலில் வளர்ந்தால் இளம் வயதிலேயே தோல் புற்றுநோய் வரக்கூடும்.

2. வெண்புள்ளி உள்ளவர்கள். நிறமி போன இடம் மட்டும் சுடும். இதை "வெண்குஷ்டம்" என்பது தவறு. குஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தொற்றவும் செய்யாது.

3. இயல்பிலேயே வெளுத்த நிறமுள்ளவர்கள், சிவந்து அரிக்கும் சருமம் உள்ளவர்கள், லூபஸ் நோயாளிகள்.

4. சில மருந்துகளைச் சாப்பிடுபவர்கள். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின், இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின் ஆகியவை தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

5. ஸ்டீராய்டு கலந்த "வெள்ளையாக்கும்" க்ரீம்களை மாதக்கணக்கில் பூசியவர்கள். கல்யாணத்துக்கு முன் பெண் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் இந்த க்ரீம்களில் பீட்டாமெதசோன், க்ளோபெடசால், மொமெடசோன் போன்றவை இருக்கலாம். முதல் மாதம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, வெயிலில் கால் வைத்தாலே எரியும். இவர்களுக்கு வேண்டியது இன்னொரு க்ரீம் அல்ல, மருத்துவர்.

அட்டையில் எதைப் படிக்க வேண்டும்?

பூமிக்கு வந்து சேரும் புறஊதாக் கதிரில் இரண்டு வகை உண்டு. யுவிபி தோலைச் சிவக்க வைத்துச் சுடும். யுவிஏ இன்னும் ஆழமாக இறங்கித் தோலைக் கறுக்கவும் சுருங்கவும் வைக்கும்; மேகத்தையும் ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். இரண்டுமே புற்றுநோய்க்குக் காரணமாகலாம். ஆகவே இரண்டையும் தடுக்கும் க்ரீம்தான் வேண்டும்.

எஸ்பிஎஃப் எண் முக்கியமாக யுவிபியைத்தான் சொல்கிறது. சுடும் கதிர் நூறு விழுந்தால், எஸ்பிஎஃப் 15 சுமார் ஏழையும், 30 சுமார் மூன்றையும், 50 இரண்டையும் உள்ளே விடும். ஐம்பதுக்கு மேல் போனால் கிடைக்கும் லாபம் சிறிது. சாதாரணமாக 30 போதும். மேலே சொன்ன ஐந்து பிரிவினருக்கு 50 நல்லது.

யுவிஏவுக்கு வேறு அடையாளம் பார்க்க வேண்டும். "பிராட் ஸ்பெக்ட்ரம்" என்ற சொல், அல்லது ஜப்பானில் தோன்றிய "பிஏ" குறியீடு. அதில் கூட்டல் குறி எத்தனை அதிகமோ அத்தனை நல்லது, நான்குதான் உச்சம். ஐரோப்பியத் தயாரிப்பானால் வட்டத்துக்குள் "யுவிஏ" என்று இருக்கும். அதன் பொருள், யுவிஏ பாதுகாப்பு எஸ்பிஎஃப் எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறது என்பது. இவற்றில் ஒன்றும் இல்லாமல் எஸ்பிஎஃப் எண் மட்டும் இருந்தால் அதை வாங்க வேண்டாம்.

எந்த வகை க்ரீம்?

கூசும் சருமத்துக்கும் குழந்தைகளுக்கும் தாது வகையே முதல் தேர்வு. துத்தநாக ஆக்சைடு (அட்டையில் ஜிங்க் ஆக்சைடு), டைட்டானியம் டை ஆக்சைடு ஆகிய இரண்டும் தோலின் மேலேயே தங்கி வேலை செய்கின்றன, ஒவ்வாமை அரிது. துத்தநாக ஆக்சைடு யுவிஏவையும் நன்றாகத் தடுக்கும். குறை ஒன்றுதான்: முகத்தில் வெள்ளை பூசியது போலத் தெரியும். வெண்புள்ளி உள்ளவர்களும் மங்கு உள்ளவர்களும் தோல் நிறம் சேர்த்த க்ரீமை வாங்கினால் அந்தக் குறையும் மறையும்.

மற்றது ரசாயன வகை. அவோபென்சோன், ஆக்ஸிபென்சோன், ஆக்டோக்ரிலீன் போன்ற பெயர்கள் இருக்கும். தடவ லேசாக இருக்கும், கறை தெரியாது. பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் சிலருக்கு அரிப்பும் கண் எரிச்சலும் வரும். குறிப்பாக ஆக்ஸிபென்சோன் ஒவ்வாமை தருவதாக அறியப்பட்டது.

நறுமணம் சேர்த்தது எதுவும் கூசும் சருமத்துக்கு வேண்டாம். "ஆல்கஹால்" என்ற சொல்லைக் கண்டு பலர் நம்மிடம் கேட்கிறார்கள். சீட்டைல் ஆல்கஹால், ஸ்டீரைல் ஆல்கஹால் என்பவை மெழுகு போன்ற கொழுப்புப் பொருள்கள். போதை தருபவை அல்ல. "ஆல்கஹால் டெனாட்" என்றிருப்பது வேறு. அது தோலை வறட்டி எரிய வைக்கும் என்பதால் கூசும் சருமத்தினர் அதைத் தவிர்ப்பதே மேல்.

புதிய க்ரீமை நேராக முகத்தில் பூசாதீர்கள். முழங்கைக்குக் கீழ் உட்புறத்தில் பட்டாணி அளவு தடவி மூன்று நான்கு நாள் பாருங்கள். சிவப்போ அரிப்போ இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம்.

எது வெயில் க்ரீம் ஆகாது?

காலமைன் லோஷனில் துத்தநாக ஆக்சைடு உண்டு. ஆனால் அது அரிப்புக்கான மருந்து, வெயிலுக்காகச் சோதித்தது அல்ல. தேங்காய் எண்ணெயை நம்பிப் பிள்ளையை வெயிலில் விட முடியாது. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துவிட்டு வெளியே போவது ஆபத்து; அதிலுள்ள பொருள் வெயில் பட்டதும் தோலைக் கொப்பளிக்க வைத்துக் கறுப்புத் தழும்பு விடும். பெர்கமாட் எண்ணெய் கலந்த அத்தரும் அப்படியே. கழுத்தில் அத்தர் தடவும் பழக்கமுள்ளவர்களுக்கு அந்த இடத்தில் மட்டும் கறுப்புக் கோடு விழுந்திருந்தால் இதுவும் காரணமாக இருக்கலாம். அத்தரைத் துணியில் தடவுங்கள்.

எவ்வளவு, எப்போது?

நல்ல க்ரீம் வாங்கியும் பலன் இல்லாமல் போவது இங்கேதான். ஆய்வுக்கூடத்தில் ஒரு சதுர செண்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் எஸ்பிஎஃப் எண்ணைக் கணக்கிடுகிறார்கள். நாமோ அதில் பாதி கூடப் பூசுவதில்லை.

முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்குப் பிதுக்கிய அளவு வேண்டும். அது ஒரு கிராமுக்குச் சற்று மேல். நாளுக்கு இரண்டு முறை பூசினால் 50 கிராம் ட்யூப் மூன்று வாரம் சொச்சம்தான் வரும். உங்கள் வீட்டில் அது மூன்று மாதம் வருகிறதென்றால் பூசுவது போதவில்லை என்று அர்த்தம். எனவே விலை உயர்ந்த ஒன்றை வாங்கிச் சிக்கனமாகப் பூசுவதைவிட, தாராளமாகப் பூசக்கூடிய விலையில் ஒன்றை வாங்குவதே புத்திசாலித்தனம். காலாவதித் தேதியைப் பாருங்கள். ட்யூபை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள்.

வெளியே போக 15-20 நிமிடத்துக்கு முன் பூசுங்கள். காது, பிடரி, மூக்கு நுனி, புறங்கை, பாதம் ஆகியவை பலரும் மறக்கும் இடங்கள். வெளியில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும்; வியர்த்தாலும் துடைத்தாலும் உடனே. ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்குப் பூச வேண்டாம். நிழலும் துணியும் போதும்.

க்ரீமுக்கு முன் துணியும் நிழலும்

க்ரீம் கடைசிக் காவல்தான். முதல் காவல் நேரம், இரண்டாவது நிழல், மூன்றாவது துணி.

நேரத்தை நிழலே சொல்லும். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை. நீளமாக இருந்தால் குறைவு. நிழலை அளந்து அஸர் வக்தைக் கணிக்கும் நமக்கு இது புதிதல்ல. ஷாஃபிஈ கணக்கில் அஸர் நுழையும்போது நிழல் நம் உயரத்தை எட்டியிருக்கும். அதன் பிறகும், காலையில் சுமார் ஒன்பது மணிக்கு முன்னும் பிள்ளைகளை விளையாட விடலாம். வெப்பமும் கதிரும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். ஊட்டியில் குளிராக இருக்கும். ஆனால் ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும்.

துணியில் நெருக்கமான நெசவும் அடர்ந்த நிறமும் நல்லது. மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை குறைவாகவே தடுக்கும். நனைந்தால் இன்னும் மோசம். துணியை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் கதிரும் வரும். சாதாரணத் தொப்பி காதையும் பிடரியையும் மறைக்காது. சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி வேண்டும். அல்பினிசம் உள்ள பிள்ளைகளுக்குக் கண்ணும் கூசும். "யுவி 400" கண்ணாடி வாங்கிக் கொடுத்து, வகுப்பில் ஜன்னலோரம் இல்லாமல் முன் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள்.

உடலை மூடி, வெயிலைத் தவிர்ப்பவர்களுக்கு வைட்டமின் டி குறையலாம். அதற்காக வெயிலில் சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை. இரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை எடுக்கலாம்.

உளூவும் இஹ்ராமும்

தோலில் ஊறிவிட்ட க்ரீமோ எண்ணெய்ப் பிசுக்கோ உளூவைத் தடுக்காது. தண்ணீர் தோலை அடையாதபடி கெட்டிப் படலமாக நிற்பதைத்தான் அகற்ற வேண்டும். வெள்ளையாக அப்பி நிற்கும் கெட்டியான துத்தநாகப் பூச்சுகளை லேசான சோப்பால் கழுவிவிட்டு உளூ செய்து, தொழுகைக்குப் பின் மீண்டும் பூசுவது பேணுதல். மறுபூச்சுக்கும் அதுவே நல்ல நேரம். நோன்பு நேரத்தில் தோலில் பூசுவதால் நோன்பு முறியாது.

ஹஜ், உம்ரா போகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மக்காவில் மே மாதக் கடைசியிலும் ஜூலை நடுவிலும் சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே வந்து நிற்கும். ஆண்களுக்குத் தலையை மூட இயலாது. இஹ்ராமில் நறுமணம் கூடாது என்பதால், "ஃப்ராக்ரன்ஸ்" என்ற சொல் இல்லாத க்ரீமை ஊரிலேயே சோதித்து எடுத்துச் செல்லுங்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இஹ்ராமின்போது தலைமுடியிலும் தாடியிலும் எண்ணெய் தடவக் கூடாது. எனவே எண்ணெய்ப் பசையுள்ள க்ரீம் அங்கே படாமல் பார்க்க வேண்டும். ஹனஃபிகள் தங்கள் ஆலிமிடம் விவரம் கேட்டுக்கொள்ளட்டும். குடை பிடிக்கத் தடையில்லை. நபி (ஸல்) அவர்களின் ஹஜ்ஜில் வெயில் படாமல் தோழர் ஒருவர் துணியை உயர்த்தி நிழல் பிடித்ததை முஸ்லிம் நூலில் காண்கிறோம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

நான்கு வாரமாகியும் ஆறாத புண், அடிக்கடி இரத்தம் கசியும் இடம், வளரும் கட்டி, நிறமோ ஓரமோ மாறும் மச்சம் இவற்றில் எதையும் "வெயில் கட்டி" என்று விட்டுவிடாதீர்கள். மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கும். அல்பினிசம் உள்ளவர்கள் புண் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது காட்ட வேண்டும்.

அந்தத் தகப்பனாரிடம் இதையெல்லாம் எழுதிக் கொடுத்து, தோல் மருத்துவரிடமும் அனுப்பினோம். முழுக்கைச் சட்டைக்கும் விளிம்புள்ள தொப்பிக்கும் பள்ளியில் சம்மதித்தார்கள். விளையாட்டு வகுப்பில் அவன் மரநிழலில் நிற்கலாம் என்றார்கள். "பையனை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமா?" என்று அவர் முதலில் கேட்டிருந்தார். வேண்டாம் என்றோம். வெயிலிலிருந்து காப்பது வேறு, உலகத்திலிருந்து ஒளித்து வைப்பது வேறு. இப்போது அஸர் ஜமாஅத் முடிந்ததும் பள்ளிவாசலை ஒட்டிய திடலில் அவனும் மற்றப் பிள்ளைகளோடு பந்தடிக்கிறான். நிழல் நீண்டு கிடக்கும் நேரம் அது.

நம் பிள்ளைகளின் உடல் நம்மிடம் உள்ள அமானிதம். அதைப் பேணும் அறிவையும் வசதியையும் அல்லாஹ் அனைவருக்கும் தருவானாக.