பத்திரிகைத் தாளில் பிழைத்த ஊர்வலம்

1889, மார்ச் 4, திங்கள் இரவு. அமெரிக்காவில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் வீதிகளில் இந்து தேவலோகம் பவனி போனது. அலங்கார ஊர்திகளைக் கோவேறு கழுதைகள் இழுத்தன. இருமருங்கிலும் தீவட்டி. ஊர்திகளின் மேல் நம் புராண தேவர்களின் வேடத்தில், முகமூடி மாட்டிய வெள்ளைக்காரக் கனவான்கள்! புரோட்டியஸ் என்ற திருவிழாச் சங்கம் அந்த ஆண்டு எடுத்துக்கொண்ட கரு, 'இந்து சொர்க்கங்கள்'. ஊர்திகளை வரைந்து கொடுத்தவர் கார்லோட்டா பொன்னகாஸ். அந்த விழாவின் முதல் பெண் வடிவமைப்பாளர் என்று பெயர் பெற்றவர். ஐரோப்பியப் புத்தகங்களும் ஓபரா மேடையும் கற்பித்த இந்தியாதான் அவருடைய இந்தியா. நம் தேர்ச்சிற்பத்தின் சாயலை அதில் தேடிப் பயனில்லை.

விழா முடிந்ததும் ஊர்திகளைப் பிரித்துவிடுவார்கள். சட்டமும் சக்கரமும் அடுத்த ஆண்டுக்கு வேண்டும். காகிதக் கூழில் செய்த உருவங்கள் குப்பைக்குப் போகும். ஓராண்டு உழைப்பு, ஓரிரவுக் காட்சி, அவ்வளவுதான். அந்த ஊர்திகள் எப்படி இருந்தன என்று இன்று நமக்குத் தெரிகிறதென்றால், கலைஞர்களின் வண்ண வரைபடங்களும், தெருவில் சில சென்ட்டுக்குக் கூவி விற்ற ஒரு பத்திரிகைத் தாளும்தான் காரணம். இந்த வாரம் அந்தத் தாளின் கதை.

அந்தத் திருவிழாவின் பெயர் மார்டி கிரா. கத்தோலிக்கர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாள் அது. நம்மூர்க் கிறிஸ்தவர்கள் திருநீற்றுப் புதன் என்கிறார்களே, அதற்கு முந்தின செவ்வாய். ஈஸ்டருக்குச் சரியாக 47 நாள் முன்னால் வரும். நோன்புக்கு முன் தின்று, குடித்து, ஆடித் தீர்ப்பது பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த வழக்கம். அது வெறும் தெருக்கூத்தாக இருந்தவரை அச்சுத் தாளுக்கு வேலையில்லை. 1857-இல் கோமஸ் என்ற ரகசியச் சங்கம் தோன்றியது. அதை நிறுவியவர்களில் சிலர் பக்கத்து அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரத்திலிருந்து வந்தவர்கள். அங்கே இப்படி ஒரு சங்கம் 1830 முதலே இருந்தது. கோமஸ் முதல் ஊர்வலத்துக்கு மில்டனின் 'இழந்த சொர்க்கம்' காவியத்தின் பேய்களைக் கருவாக்கியது. இரண்டே ஊர்திகள்தான். ஆனால் ஒரு கரு, அதற்கேற்ற உடை, தீவட்டி வெளிச்சத்தில் வரிசையான பவனி என்ற இலக்கணம் அன்றே அமைந்துவிட்டது. 1872-இல் ரெக்ஸும் மோமஸும், 1882-இல் புரோட்டியஸும் சேர்ந்துகொண்டன. ஊதா, பச்சை, பொன் என்று இன்று உலகமே அறிந்த மார்டி கிரா நிறங்கள் ரெக்ஸ் கொடுத்தவை.

இந்தச் சங்கங்களுக்கு ரகசியம்தான் உயிர். உறுப்பினர் யார் என்பது வெளியே தெரியக்கூடாது. ஊர்தி கட்டும் கொட்டகை எங்கே என்பதும் தெரியக்கூடாது. இந்த ஆண்டு என்ன கரு என்பதை ஊர்வல நாள்வரை மூச்சுவிடக்கூடாது. இதில் ஒரு வேடிக்கை: ஒவ்வோர் ஊர்தியையும் வண்ணத்தில் காட்டும் தாளை முன்கூட்டியே அச்சடித்து வைத்தாக வேண்டும். ஆக, அச்சகத்துக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் ரகசியத்தில் பங்காளிகள். 'பிக்காயூன்', 'டைம்ஸ் டெமாக்ரட்' போன்ற பத்திரிகைகள் இந்தத் தாளை வெளியிட்டன. கார்னிவல் புல்லட்டின் என்று பெயர். விரித்தால் மூன்றடிக்கு மேல் நீளும். ஒரு முழு ஊர்வலமும் வரிசை வரிசையாக, ஊர்திக்கு ஒரு படமாக அதில் அடங்கிவிடும். ஊர்வலம் பார்க்கும்போது கையில் வைத்துக்கொள்ளலாம். மறுநாள் மடித்து, வெளியூர் உறவினருக்குத் தபாலில் அனுப்பலாம். ரெக்ஸ் சங்கம் இன்னும் ஒரு படி மேலே போய், 'ராஜாவின் பிரகடனம்' என்று போஸ்டர் அடித்து அமெரிக்க ரயில் நிலையங்களில் ஒட்டவைத்தது. ராஜ கட்டளை பாவனையில் சுற்றுலா விளம்பரம்! அன்றைய வியாபாரிகள் லேசுப்பட்டவர்கள் அல்ல.

அச்சு முறை கல்லச்சு. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால், இடவலம் மாற்றி வரைய வேண்டும். நிறத்துக்கு ஒரு கல். ஒரு நிறம் அடித்து, காயவைத்து, அதே தாளில் மயிரிழை பிசகாமல் அடுத்த நிறம். பிசகினால் தேவதையின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து நம் வீட்டுச் சுவர்களுக்கு வந்த லட்சுமியும் சரஸ்வதியும் இதே நுட்பத்தின் பிள்ளைகள்தான்.

அழகைச் சொல்லி நிறுத்திக்கொண்டால் அது பாதிக் கதை. இந்தச் சங்கங்கள் பணக்கார வெள்ளையர்களுடையவை. 1873-இல் கோமஸ், டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலைக் கேலிக் கருவாக எடுத்தது. வரைந்தவர் சுவீடனிலிருந்து வந்த சார்ல்ஸ் பிரிட்டன். ஜனாதிபதி கிராண்ட்டைப் புகையிலைப் புழுவாகக் காட்டியதை அரசியல் நையாண்டி என்று விட்டுவிடலாம். கடைசியில் ஒரு கொரில்லாவுக்கு முடிசூட்டி, அடிமைத்தளை நீங்கி ஓட்டுரிமை பெற்றிருந்த கறுப்பின மக்களை இழிவுபடுத்தினார்களே, அதை என்ன சொல்ல? புல்லட்டின் தாள்களில் அநேகமாக ஊர்திகள் மட்டும் தனியே மிதக்கும். இழுத்த கழுதையும் இருக்காது, வழிநெடுக வெளிச்சம் தூக்கி நடந்த கறுப்பினத் தீவட்டிக்காரரும் இருக்கமாட்டார். கூட்டம் வீசிய சில்லறையைப் பொறுக்கிக்கொண்டே நடந்த அவர்கள் இல்லாமல் ஓர் இரவு ஊர்வலமும் நடந்ததில்லை. 1991-இல் நகர மன்றம், பாகுபாடு காட்டும் சங்கங்களுக்கு ஊர்வல அனுமதி இல்லை என்று சட்டம் போட்டதும் கோமஸும் மோமஸும் தெருவையே விட்டு விலகின. புரோட்டியஸ் மட்டும் சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்து 2000-இல் திரும்பி வந்தது. உறுப்பினர் பட்டியலைத் திறப்பதைவிட ஊர்வலத்தை விடுவது மேல் என்று நினைத்த சங்கங்களை மரபுக் காவலர்கள் என்று புகழ என்னால் முடியவில்லை.

புல்லட்டின் வழக்கம் 1941-உடன் நின்றது. போரால் 1942 முதல் 1945 வரை ஊர்வலமே இல்லை. அதன்பின் தாளும் வரவில்லை. ஆகவே சேகரிப்பாளர்களுக்கு அவை பொக்கிஷம். ஹென்றி ஷிண்ட்லர் போன்றவர்கள் தேடித் தொகுத்துப் புத்தகங்களாக்கியதால்தான் கலைஞர்களின் பெயர்கள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன.

அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் மடிப்பு. தபாலுக்காக மடித்த தாள். மடிப்புக் கோடே இல்லாத 'பழைய' தாளைச் சந்தேகிக்க வேண்டும். அடுத்தது லென்ஸ். கல்லச்சில் புள்ளிகள் கையால் வைத்தவை: ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அணிவகுத்த மாதிரி ஒரே சீராகப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்காலத்து ஆஃப்செட் நகல். மூன்றாவது தாள். மலிவான மரக்கூழ்த் தாளின் அமிலம் அதையே தின்னும். ஓரம் பழுத்து, தொட்டால் உதிரும். எத்தனையோ தாள்களைக் காலம் கெடுத்ததைவிட, கிழிசலில் செல்லோடேப் ஒட்டிய கைகள் கெடுத்தது அதிகம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய நாடக நோட்டீஸ், திருவிழா அழைப்பிதழ், சினிமாப் பாட்டுப் புத்தகம் இருக்கலாம். தயவுசெய்து டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். அமிலமில்லாத தாளுக்கு நடுவே தட்டையாக, வெயில் படாமல் வையுங்கள். பொன்னகாஸ் கையால் வரைந்தவற்றைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: நியூ ஆர்லியன்ஸின் டூலேன் பல்கலைக்கழக நூலகம் தன் கார்னிவல் வரைபடத் தொகுப்பை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது.

(தொடரும்)