அளந்து வைத்த நகரம்

வார்சாவின் பழைய நகரப் பகுதியில் நடக்கும் பயணி, அங்குள்ள வீடுகள் முந்நூறு, நானூறு ஆண்டுகளாக அப்படியே நிற்பவை என்று எண்ணிக்கொள்ளக்கூடும். உண்மையில் அவற்றுள் பெரும்பாலானவை 1945க்குப் பின் எழுப்பப்பட்டவை. 1944 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் எழுச்சியை அடக்கிய ஜெர்மானியப் படை, தெருத்தெருவாகத் தீயிட்டும் வெடிவைத்தும் அந்நகரைத் தகர்த்தது. போர் ஓய்ந்தபோது, வரலாற்றுச் சிறப்புமிக்க மையப்பகுதியில் 85 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்திருந்தது.

அப்படியானால் எதைப் பார்த்துத் திரும்பக் கட்டினார்கள்?

பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் பெர்னார்தோ பெல்லோத்தோ தீட்டிய நகரக் காட்சிகள் உதவின என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அது உண்மையே. ஆயினும் ஓவியன் அழகுக்காகச் சிலவற்றைக் கூட்டுவான், சிலவற்றைக் குறைப்பான். சுவரின் கனத்தை ஓவியம் சொல்லாது. அதைச் சொன்னவை மாணவர்களின் வரைபடங்கள்.

வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1922இல் பேராசிரியர் ஆஸ்கர் சொஸ்னோவ்ஸ்கி போலந்துக் கட்டடக்கலைக்கென ஒரு துறையைத் தொடங்கினார். அதன் மாணவர்கள் பழைய கட்டடங்களை நேரில் சென்று அளந்து வரைந்தனர். இடிந்தபின் உதவட்டும் என்று அவர்கள் அளக்கவில்லை. அது அவர்களுக்குப் பாடம். ஓலை செல்லரிக்குமுன் ஏட்டைப் படியெடுத்தவர்களின் பணிக்கு ஒப்பானது அது.

1939 செப்டம்பரில் நகரம் முற்றுகைக்குள்ளானபோது, துறையின் சேகரிப்பை விட்டு அகலாதிருந்த சொஸ்னோவ்ஸ்கி தாக்குதலில் படுகாயமுற்று இறந்தார். அவருக்குப்பின் யான் ஸாக்வதோவிச்சும் பிறரும் அவ்வரைபடங்களைக் காத்தனர். எழுச்சி தோற்று, எஞ்சிய மக்களும் வெளியேற்றப்பட்ட பின்னர், அவை நகரிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுப் பியோத்ர்கூவ் நகரத்து மடாலயம் ஒன்றில் ஒளித்துவைக்கப்பட்டன. ஆள் உயிர் தப்புவதே அரிதாயிருந்த நாள்களில் காகிதக் கட்டுகளுக்காக உயிரைப் பணயம் வைத்தனர் என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

மறுகட்டுமானத்தை வழிநடத்தியவர்களுள் ஸாக்வதோவிச் முதன்மையானவர். 1980இல் யுனெஸ்கோ அப்பகுதியை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

இவையெல்லாம் இருந்தது இருந்தபடியே மீண்டதாகாது. முகப்புகள் பழையன, உள்ளே இக்காலக் குடியிருப்புகள். யூதர்கள் செறிந்து வாழ்ந்த முரானூவ் பகுதியோ பழைய உருவில் எழவேயில்லை. இடிபாட்டுக் குவியல்களின் மீதே புதுக் குடியிருப்புகள் எழுந்தன. அங்கே வாழ்ந்த மக்களும் கொல்லப்பட்டுவிட்டிருந்தனர். வரைபடம் வீட்டைத் திருப்பித் தரலாம், வீட்டாரைத் தராது.

ஆனாலும் அளவு என்று ஒன்று இல்லாவிடில் வீடும் இல்லை. எதை அளப்பது, எதை விடுப்பது என்ற தெரிவு, கட்டடம் உறுதியாக நிற்கும் காலத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. கடப்பாரை வந்தபின் அளக்க நேரம் இருப்பதில்லை.