தலைமை மாற்றக் கணிப்புச் சந்தை

ஒரு நாட்டின் ஆட்சித் தலைமை அடுத்து யார் கைக்குப் போகும், எப்போது போகும் என்பதை ஒட்டி எழுதப்படும் ஒப்பந்தங்களைப் பணம் கொடுத்து வாங்கி விற்கும் இடமே தலைமை மாற்றக் கணிப்புச் சந்தை. ஒப்பந்தத்தின் விலையையே கணிப்பாக எடுத்துக்கொள்வார்கள். பொதுத் தேர்தல் முடிவுக்கான சந்தையும் இதுவும் ஒரே இனம்தான். ஆனால் பொதுத் தேர்தலில் முடிவெடுப்பவர்கள் கோடிக்கணக்கானோர். அவர்களில் சில ஆயிரம் பேரைக் கேட்டாலே போக்கு ஓரளவு தெரிந்துவிடும். தலைமை மாற்றத்தில் முடிவு சில நூறு பேரிடம், சில சமயம் ஒருவரிடம் மட்டுமே இருக்கும். அவர்கள் வாய் திறக்காவிட்டால் சந்தை வதந்தியைத்தான் விலையாக்க வேண்டும். இச்சந்தைகள் பலித்ததற்கும் பொய்த்ததற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

விலை சொல்வது என்ன

‘இன்னார் இந்தத் தேதிக்குள் பிரதமர் ஆவார்’ என்பது ஓர் ஒப்பந்தம். நடந்தால் அதை வைத்திருப்பவருக்கு ஒரு டாலர், நடக்காவிட்டால் ஒன்றுமில்லை. அது இன்று 62 சென்ட்டுக்குக் கைமாறினால், வாய்ப்பு ஏறக்குறைய 62 சதவீதம் என்று சந்தை கருதுவதாகப் பொருள். பலர் போட்டியிட்டால் ஒவ்வொருவருக்கும் தனி ஒப்பந்தம் உண்டு. எல்லா விலைகளையும் கூட்டினால் ஒரு டாலரை ஒட்டி வர வேண்டும். அதைத் தாண்டிப் போனால், எல்லாவற்றையும் விற்று லாபம் பார்க்க யாராவது வந்துவிடுவார்கள்.

சிறிய விலைகளை அப்படியே நம்புவது ஆபத்து. நெடுங்காலம் ஆளும் ஒரு தலைவர் ஆண்டு முடிவதற்குள் பதவி இழப்பார் என்ற ஒப்பந்தம் 4 சென்ட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உண்மையான வாய்ப்பு ஒரு சதவீதம்தான் என்று உறுதியாக நம்புகிறவர் அதற்கு எதிராக நிற்க 96 சென்ட்டை ஓராண்டு முடக்க வேண்டும்; லாபம் 4 சென்ட். முடக்கிய பணத்துக்குத் தளம் வட்டி தராவிட்டால், வங்கியில் போட்டாலே அவ்வளவு கிடைக்குமே என்று அவர் ஒதுங்கிக்கொள்வார். ஆகவே ‘சர்வாதிகாரி வீழ்வாரா’ வகை ஒப்பந்தங்கள் உண்மையைவிடச் சற்று உப்பிய விலையிலேயே நிற்கின்றன. அந்த விலையை எடுத்துத் தலைப்புச் செய்தியாக்கும் பத்திரிகைகள் இதைச் சொல்வதில்லை.

ரோம்: 1503 முதல் 2025 வரை

இவ்வழக்கத்தின் நீண்ட வரலாறு போப் தேர்வில் கிடைக்கிறது. அக்காலப் போப் சமயத் தலைவர் மட்டுமல்லர். நடு இத்தாலியை ஆண்ட மன்னரும்கூட. 1503ஆம் ஆண்டிலேயே போப் தேர்வின் மீது பந்தயம் கட்டுவது பழைய வழக்கமாகக் கருதப்பட்டது. ரோமின் வங்கியாளர் வட்டாரமான பாங்கியில் தரகர்கள் ஒவ்வொரு கர்தினாலுக்கும் விலை கூறினார்கள். 1549 இறுதியில் தொடங்கி 1550 பிப்ரவரி வரை இழுத்த தேர்வில் ஆங்கிலேயக் கர்தினால் ரெஜினால்ட் போல் முன்னணியில் இருந்தார். கடைசியில் போப் ஆனவர் மூன்றாம் ஜூலியஸ். அப்போது வெனிஸ் தூதர் மத்தேயோ தாண்டோலோ தம் அரசுக்கு அனுப்பிய குறிப்பு முக்கியமானது. பூட்டிய கதவுக்குள் நடக்கும் வாக்கு நிலவரம் வெளியே வணிகர்களுக்கு நன்றாகத் தெரிகிறது என்றும், கர்தினால்களுக்கு உள்ளே பணிவிடை செய்வோர் அந்த வணிகர்களோடு பங்கு சேர்ந்து பந்தயம் கட்டுகிறார்கள் என்றும் அவர் எழுதினார். உள்தகவல் வணிகம் என்று இன்று பங்குச் சந்தையில் தண்டிக்கப்படும் குற்றம் அன்றே கச்சிதமாக நடந்திருக்கிறது.

1590 செப்டம்பர் முதல் 1592 ஜனவரி வரை ரோமுக்கு நான்கு புதிய போப்கள் வந்தார்கள். பந்தயக்காரர்களுக்குப் பொற்காலம்! அவர்களில் இரண்டாமவரான பதினான்காம் கிரகோரி 1591 மார்ச்சில் ஆணையிட்டுத் தடை விதித்தார். போப் தேர்வு, ஒரு போப்பின் ஆட்சிக்காலம், புதிய கர்தினால் நியமனம் ஆகியவற்றின் மீது பந்தயம் கட்டுவோர் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவர் என்பது ஆணை.

2025 ஏப்ரல் 21 அன்று போப் பிரான்சிஸ் இறந்ததும் பாலிமார்க்கெட், கால்ஷி ஆகிய தளங்களில் கோடிக்கணக்கான டாலர் புரண்டது. பியெத்ரோ பரோலின், லூயிஸ் அந்தோனியோ தாக்லே ஆகிய பெயர்கள் முன்னே ஓடின. சிகாகோவில் பிறந்த ராபர்ட் பிரிவோஸ்டுக்குச் சந்தை தந்த வாய்ப்பு ஒரு சதவீத அளவே. மே 8 அன்று நான்காவது வாக்கெடுப்பிலேயே போப் தேர்வானதைக் காட்டும் வெள்ளைப் புகை எழுந்தது. இத்தனை சீக்கிரம் முடிந்தால் முன்னணியில் இருப்பவர்தான் என்று எண்ணிப் பலர் பரோலின் ஒப்பந்தங்களை மேலும் வாங்கினார்கள். வெளியே வந்து நின்றவர் பிரிவோஸ்ட், பதினான்காம் லியோவாக. கைப்பேசியின்றி உள்ளே அடைபட்டிருந்த 133 கர்தினால்களின் மனம் வெளியே யாருக்கும் தெரியவில்லை. 1550இல் இருந்த தகவல் கசிவு இம்முறை அடைபட்டதால் விலையில் பத்திரிகைகளின் ஊகம் மட்டுமே எஞ்சியது. சந்தை தோற்றதற்குச் சூதாடிகளின் மடமையைக் காரணம் காட்டுவது நியாயமல்ல.

கட்சிக்குள் நடக்கும் மாற்றம்

அமெரிக்காவில் 2024 ஜூன் 27 தேர்தல் விவாதத்துக்குப் பின் அப்போதைய அதிபர் ஜோ பைடன் அதிபர் தேர்தல் போட்டியிலிருந்து விலகுவார் என்ற ஒப்பந்தத்தின் விலை அன்றிரவே ஏறியது. ஜூலை 13 அன்று டிரம்ப் மீது துப்பாக்கிச் சூடு நடந்ததும் தணிந்தது. பிறகு மீண்டும் ஏறி, ஜூலை 21 விலகல் அறிவிப்புக்கு முன்பே பாதியைத் தாண்டியிருந்தது. பைடன் விலகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. நன்கொடையாளர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், நிருபர்கள் எனப் பல நூறு பேரிடம் ஆளுக்குக் கொஞ்சமாகச் சிதறிக் கிடந்த தகவலை விலை திரட்டிக் காட்டியது. இச்சந்தைகளின் உண்மையான பலம் இதுதான். அடுத்த மாதமே அதன் மறுபக்கமும் வெளிப்பட்டது. துணை அதிபர் வேட்பாளராக ஜோஷ் ஷபிரோ வருவார் என்று சந்தை சாய்ந்திருக்க, ஆகஸ்ட் 6 அன்று பைடனுக்குப் பதிலாகப் போட்டியிட்ட கமலா ஹாரிஸ் டிம் வால்ஸை அறிவித்தார். அம்முடிவு ஒரே ஒருவரின் மனத்தில் இருந்தது.

ஜப்பானின் ஆளுங்கட்சித் தலைவர் தேர்தலில் 2025 அக்டோபர் 4 அன்று சனே தக்காய்ச்சி வென்றபோதும் சந்தை எதிர்பார்த்திருந்தது ஷின்ஜிரோ கொய்சுமியை. வியப்பு பந்தயத் தளங்களோடு நிற்கவில்லை. அடுத்த வணிக நாளில் நிக்கேய் குறியீடு 4 சதவீதத்துக்கும் மேல் எகிறியது.

பிரிட்டனில் அரசியல் பந்தயம் சட்டப்படியானது. தாண்டோலோ சொன்ன நோய் மட்டும் அங்கும் தீரவில்லை. 2024இல் பிரதமர் ரிஷி சுனக்குக்கு நெருக்கமான நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், தேர்தல் தேதி அறிவிக்கப்படுவதற்குச் சில நாள் முன்பு ஜூலைத் தேர்தலுக்கு 100 பவுண்டு கட்டியது அம்பலமானது.

பந்தயமே இல்லாத சந்தை

இந்தோனேசியாவில் நெடுங்காலம் ஆண்ட அதிபர் சுகார்த்தோவுக்குப் பின் யார் என்று பந்தயம் கட்ட எந்தத் தளமும் இல்லை. ஆயினும் ஜகார்த்தா பங்குச் சந்தை அந்த வேலையைச் செய்தது. 1995 முதல் 1997 வரை அவருடைய உடல்நலம் பற்றி வதந்தி எழுந்த ஒவ்வொரு தடவையும் அவர் குடும்பத்துக்கு நெருக்கமான நிறுவனங்களின் பங்குகள் மற்றவற்றைவிட அதிகம் சரிந்ததைப் பொருளியலாளர் ரேமண்ட் ஃபிஸ்மன் 2001இல் வெளியான ஆய்வில் காட்டினார். அந்தச் சரிவு சுகார்த்தோவின் நிழல் எத்தனை ரூப்பியா பெறும் என்பதைக் கணக்கிட உதவியது. அடுத்தவர் யார் என்பதை அது சொல்லவில்லை.

மரணமும் வாசகமும்

ஆயுட்காலத் தலைவரின் பதவி பெரும்பாலும் அவருடைய சாவோடுதான் முடிகிறது. எனவே இச்சந்தை சாவின் மீதான பந்தயமாக மாறும் அபாயம் எப்போதும் உண்டு. 2003 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை மத்திய கிழக்கு நிலவரத்துக்கு ஒரு கணிப்புச் சந்தை தொடங்கவிருந்தது. பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராபத் கொலை, ஜோர்டான் மன்னரின் வீழ்ச்சி ஆகியவை அதன் மாதிரித் திரையில் இடம்பெற்றிருந்தன. செனட்டர்கள் ரான் வைடன், பைரன் டோர்கன் அதைப் பகிரங்கப்படுத்திய மறுநாளே திட்டம் கைவிடப்பட்டது. பொறுப்பில் இருந்த ஜான் பாயின்டெக்ஸ்டர் பதவி விலகினார். அதே ஆண்டு தனியார் தளமான டிரேட்ஸ்போர்ட்ஸில் ஈராக் அதிபர் சதாம் ஹுசைன் பதவி இழப்பாரா என்ற ஒப்பந்தம் தடையின்றி விற்றது. ஈராக் போரின் வாய்ப்புக்கும் எண்ணெய் விலைக்கும் உள்ள தொடர்பை அளக்கப் பொருளியலாளர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். சாவு தவிர வேறு காரணத்தாலும் சந்தைகள் மூடப்பட்டதுண்டு: இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டத்துக்குப் பின் கணிப்புச் சந்தைத் தளங்கள் பணம் வைத்து நடத்தும் வணிகத்தை நிறுத்தின.

பதவி இழந்தார் என்று எப்போது சொல்வது என்பதும் சிக்கலே. தென்கொரிய அதிபர் யூன் சுக் இயோலின் அதிகாரம் 2024 டிசம்பர் 14 அன்று நாடாளுமன்றத் தீர்மானத்தால் நிறுத்தப்பட்டது. ஆனால் 2025 ஏப்ரல் 4 பதவி நீக்கத் தீர்ப்பு வரை அவர்தான் அதிபர். ஒப்பந்த வாசகத்தில் ஒரு சொல் மாறியிருந்தால் பணம் வேறொருவருக்குப் போயிருக்கும். வெனிசுவேலாவில் 2024 ஜூலை 28 தேர்தலில் அப்போதைய அதிபர் மதுரோ வென்றதாக அந்நாட்டுத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. பாலிமார்க்கெட் ஒப்பந்தமோ அரசு அறிவிப்பையே முதன்மை ஆதாரமாகக் குறித்திருந்தது. ஆயினும் தகராறைத் தீர்க்கும் அதிகாரம் பெற்ற கிரிப்டோ நாணயதாரர்கள், எதிர்க்கட்சி வெளியிட்ட வாக்குச்சாவடிக் கணக்குகள் குறித்த செய்திகளை ஏற்று, எதிர்க்கட்சி வேட்பாளர் எத்முந்தோ கொன்சாலஸ் வென்றதாக முடித்துவைத்தார்கள். கொன்சாலஸ் மீது பந்தயம் கட்டியவர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. 2025 ஜனவரி 10 அன்று காரகாஸில் மதுரோ மீண்டும் பதவியேற்றார்.