மாதவிடாய் நிறைவுக்கால ஹார்மோன் சிகிச்சை

சினைப்பைகள் ஓய்ந்து ஈஸ்ட்ரோஜன் குறையும்போது வரும் உடற்சூடு, இரவு வியர்வை, தூக்கமின்மை, பிறப்புறுப்பு வறட்சி ஆகியவற்றுக்கு அந்த ஹார்மோனையே மருந்தாகத் தரும் முறை. மலேசியப் பெண்களுக்கு மாதவிடாய் பெரும்பாலும் 50 வயதையொட்டி நிற்கிறது. பாகான் டத்தோவின் தென்னை, செம்பனைத் தோட்டங்களில் பகலெல்லாம் உழைப்பவள் இரவும் உறங்காமல் தவித்தால், அதை வயதின் இயல்பென்று ஒதுக்குவது தவறு. அது தீர்க்கக்கூடிய துன்பம்.

இச்சிகிச்சை மீதான அச்சம் 2002இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட பெரிய ஆய்விலிருந்து பரவியது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற மற்றொரு ஹார்மோன் மருந்தும் சேர்த்து உண்ட 10,000 பெண்களில் ஆண்டுக்கு 8 பேருக்கு மார்பகப் புற்றுநோயும், 8 பேருக்குப் பக்கவாதமும் கூடுதலாக வந்தன. இடுப்பெலும்பு முறிவு 5 குறைந்தது. பங்கேற்றோரின் சராசரி வயதோ 63. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற 10 ஆண்டுக்குள் தொடங்கினால், கடுந்தொல்லை உள்ள பெரும்பாலோருக்கு நன்மையே மேலோங்கும்.

கருப்பை உள்ளவர்கள் புரோஜெஸ்டின் போன்ற புரோஜெஸ்டோஜனும் சேர்த்தே எடுக்க வேண்டும். தனி ஈஸ்ட்ரோஜன் கருப்பை உட்சுவரில் புற்றுநோயைத் தூண்டும். தோலில் ஒட்டும் பட்டையில் இரத்தக்கட்டி ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், இரத்தக்கட்டி வந்தவர்களுக்கு இச்சிகிச்சை பொதுவாக ஆகாது. நம்மிடையே மலிந்துள்ள சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் தடையல்ல. ஆனால் முதலில் அவற்றைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.